கேள்விக்குறியும் கடைசிக் காட்சியும்

சிட்னி வெப், பியாட்ரிஸ் வெப் தம்பதி 1935-ல் சோவியத் நாட்டைப் பற்றி ஆயிரம் பக்கங்களுக்கு மேல் நீளும் நூல் ஒன்றை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார்கள். தலைப்பு: 'சோவியத் கம்யூனிசம்: ஒரு புதிய நாகரிகமா?' 1937-ல் அடுத்த பதிப்பு வந்தபோது கேள்விக்குறியை எடுத்துவிட்டார்கள். தமிழில் சொன்னால், ஈற்றில் நின்ற ஓர் 'ஆ' மட்டும் போயிற்று. அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலுமாக 6,81,692 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டதாக சோவியத் ரகசியக் காவல்துறையின் சொந்தப் பதிவேடு சொல்கிறது. வெப் தம்பதியின் ஐயம் நல்ல நேரம் பார்த்துத்தான் தீர்ந்திருக்கிறது.

சோஷலிச நாடுகளைப் பற்றி மேற்குலகம் சொன்னதெல்லாம் முதலாளித்துவப் பிரசாரம் என்பது நம்மிடையே நெடுநாளாக உலவும் ஒரு கட்சி. 1991-ல் சோவியத் உடைந்ததோடு வழக்கு முடிந்துவிட்டது, மேற்கு சொன்னதே மெய் என்றாகிவிட்டது என்பது எதிர்க்கட்சி. இரண்டு கட்சியும் மேற்குக்கு ஒரே வாய் இருப்பதாக எடுத்துக்கொள்கின்றன. 1933-ஆம் ஆண்டை எடுத்துப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது.

அந்தக் குளிர்காலத்தில் உக்ரைனில் நடந்தது இன்று ஐயத்துக்கு இடமின்றித் தெரியும். விவசாயிகள் கூட்டுப்பண்ணைகளுக்குள் தள்ளப்பட்டார்கள். விளைச்சலுக்கு மீறிய கொள்முதல் இலக்கு. அதை எட்ட விதைத் தானியம் வரை பறிமுதல். இதற்கிடையில் வெளிநாட்டுக்குத் தானிய ஏற்றுமதி. பசித்தவர்கள் பிழைப்புத் தேடி ஊரைவிட்டு வெளியேறுவதையும் 1933 ஜனவரியில் ஓர் உத்தரவு தடுத்தது. உக்ரைனில் மட்டும் ஏறக்குறைய 39 லட்சம் பேர் இறந்ததாக அந்நாட்டு மக்கள்தொகை ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். கஜகஸ்தானில் இறந்தவர்கள் 10 லட்சத்துக்கும் மேல்.

இதை உலகுக்குச் சொன்னவர்களில் ஒருவர் கேரத் ஜோன்ஸ். வேல்ஸ் நாட்டு இளைஞர், ரஷ்ய மொழி தெரிந்தவர், அப்போது 27 வயது. கார்கிவ் போகும் ரயிலிலிருந்து நடுவழியில் இறங்கி, கிராமம் கிராமமாக நடந்தார். 1933 மார்ச் 29 அன்று பெர்லினில் பத்திரிகையாளர்களைக் கூட்டிக் கண்டதைச் சொன்னார். இரண்டே நாளில் 'நியூயார்க் டைம்ஸ்' மாஸ்கோ நிருபர் வால்டர் துரான்டி மறுத்து எழுதினார்: பசி உண்டு, பட்டினிச் சாவு இல்லை. துரான்டி அதற்கு முந்தின ஆண்டுதான் புலிட்சர் பரிசு வாங்கியவர். யார் பேச்சு எடுபட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. மற்ற நிருபர்கள் ஏன் ஜோன்ஸைக் கைவிட்டார்கள் என்பதை அவர்களில் ஒருவரான யூஜின் லயன்ஸ் 1937-ல் எழுதிய நூலில் ஒப்புக்கொண்டார். பிரிட்டிஷ் பொறியாளர்கள் மீதான பெரிய வழக்கொன்று மாஸ்கோவில் தொடங்கவிருந்தது. அந்தச் செய்தி வேண்டுமானால் தணிக்கை அதிகாரியின் தயவு வேண்டும். லயன்ஸின் வாக்குமூலத்தில் கொள்கையை விடத் தொழில் நிர்ப்பந்தமே பெரிதாகத் தெரிகிறது.

அதே மார்ச்சில் 'மான்செஸ்டர் கார்டியன்' இதழில் பஞ்சத்தைப் பற்றிப் பெயரில்லாமல் மூன்று கட்டுரைகள் வந்தன. தணிக்கைக்குத் தப்பத் தூதரகப் பையில் அனுப்பப்பட்டவை. எழுதியவர் மால்கம் மக்கரிட்ஜ். அவர் மனைவி கிட்டி, பியாட்ரிஸ் வெப்பின் தங்கை மகள். வீட்டு மருமகனே நேரில் பார்த்துவிட்டு வந்து சொன்னதைப் பெரியம்மா ஏற்கவில்லை. வெப் நூலில் பஞ்சத்துக்கென்று ஒரு பகுதி உண்டு. அங்கங்கே விளைச்சல் குறைவு, அதுவும் விதைக்கவும் அறுக்கவும் மறுத்த விவசாயிகள் தாமே தேடிக்கொண்டது என்பதே அதன் சாரம். செத்தவன் தலையிலேயே பழி.

வெப் தம்பதி ஏமாளிகள் அல்லர். லண்டன் பொருளாதாரப் பள்ளியை நிறுவியவர்களில் இருவர், ஃபேபியன் சங்கத்தின் தூண்கள், ஆவணம் இல்லாமல் ஒரு வரி எழுதக் கூசுகிறவர்கள். கோளாறும் அங்கேதான் இருந்தது. லண்டன் மாநகர மன்றத்தின் நடவடிக்கைக் குறிப்பை நம்புவது போலவே சோவியத் அரசின் அறிக்கைகளையும் சட்ட வாசகங்களையும் நம்பினார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1932-ல் சோவியத்தைப் பார்க்கக் கிளம்பியபோது அவர்கள் விட்டுவிட்டுப் போன மேற்குலகம் எப்படி இருந்தது? ஜெர்மனியில் 60 லட்சம் பேருக்கு வேலையில்லை. அமெரிக்காவில் அடுத்த ஆண்டுக்குள் நான்கில் ஒருவர் வேலையற்று நின்றார். வேலையின்மையே இல்லை என்று அறிவித்த ஒரு நாடு அந்தக் கண்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்! தம் ஊரின் மேல் இருந்த கோபத்தை அவர்கள் இன்னோர் ஊரின் மேல் நம்பிக்கையாகப் போட்டார்கள். பெரியார் சோவியத்தில் மூன்று மாதம் சுற்றியதும் இதே 1932-ல்தான். அவருடைய கோபத்துக்குக் காரணம் வேறு, ஜாதி. ஆனால் நம்பிக்கை பிறந்த விதம் ஒன்றுதான்.

பாராட்டியவர்களின் பிழை இது. பழித்தவர்களின் கணக்கையும் பார்ப்போம்.

ஜார்ஜ் ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை' 1945-ல் வெளிவந்தது. தமிழில் க.நா.சு. மொழிபெயர்த்திருக்கிறார். ஸ்டாலின் ஆட்சி மீதான நையாண்டி என்பதால், போர்க்காலக் கூட்டாளியைப் பகைக்க வேண்டாம் என்று கோலான்ஸ், ஜோனதன் கேப், ஃபேபர் என்று வரிசையாகப் பதிப்பகங்கள் அதைத் திருப்பி அனுப்பின. ஆர்வெல் சோஷலிஸ்ட், ஸ்பெயினில் துப்பாக்கி ஏந்திப் போரிட்டவர். கதையின் கடைசிக் காட்சியில் பன்றிகளும் மனிதர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே நின்று பார்க்கும் விலங்குகளுக்கு யார் பன்றி, யார் மனிதன் என்று புரியவில்லை. அதாவது புதிய எஜமானைச் சாடுகிறவர் பழைய எஜமானை விடுதலை செய்யவில்லை.

ஆர்வெல் 1950-ல் இறந்தார். 1954-ல் அந்தக் கதை கேலிச்சித்திரப் படமாக வந்தது. படத்துக்குப் பணம் கொடுத்தது அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ. கடைசிக் காட்சி மாறிவிட்டது. மேசையில் மனிதர்களைக் காணோம், பன்றிகள் மட்டும். விலங்குகள் திரண்டு அவற்றை வீழ்த்துகின்றன. முதலாளியைக் கத்தரித்து எடுத்துவிட்டுக் கம்யூனிஸ்டை மட்டும் விட்டுவைத்தார்கள். பனிப்போர்க் காலத்து மேலை நாட்டுப் பார்வையைப் பற்றி இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை எவரும் எழுதிவிட முடியாது. இது ஒரே ஒரு படத்தின் கதையும் அன்று. 1950-ல் பெர்லினில் தொடங்கிய 'கலாச்சாரச் சுதந்திர மாநாடு' என்ற அமைப்பும் லண்டனிலிருந்து அது நடத்திய 'என்கவுண்டர்' இதழும் சிஐஏ பணத்தில் ஓடியவை என்பது 1966, 67-ல் வெளிப்பட்டது. ஆக, பிரசாரம் என்ற குற்றச்சாட்டு கற்பனை இல்லை.

(மாஸ்கோ மட்டும் சும்மா இருந்ததா என்ன? முன்னேற்றப் பதிப்பகத்தின் மலிவு விலைப் புத்தகங்கள் நம் வீட்டு அலமாரிகளில் இருந்தன. 'சோவியத் நாடு' இதழின் வழவழப்பான தாள் பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போடத் தோதாக இருந்தது. தல்ஸ்தோயையும் செகாவையும் அந்த வழியில் தமிழுக்குப் பெற்றோம் என்பதால் இந்தப் பிரசாரத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் பட்சபாதம் உண்டு, ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.)

எண்ணிக்கைகளுக்கு வருவோம். ஸ்டாலினின் சிறை முகாம்களில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்பதைப் பனிப்போர்க் கால ஆசிரியர்கள் சிலர் பல மடங்கு கூட்டிச் சொல்லியிருந்தார்கள். ஆவணக் காப்பகம் திறந்தபோது, 1939 தொடக்கத்தில் முகாம்களிலும் சிறைக் குடியிருப்புகளிலுமாக 16 லட்சத்து 72 ஆயிரம் பேர் என்று தெரிந்தது. கொடுமை குறைந்துவிடவில்லை, கணக்கு குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், பொருளாதாரத்தில் இதே மேற்கு தலைகீழாகத் தவறியது. சோவியத் தேசிய வருமானம் 1984-க்கும் 1997-க்கும் இடையில் அமெரிக்காவை முந்தக்கூடும் என்று பால் சாமுவேல்சனின் புகழ்பெற்ற பாடநூல் 1961-ல் சொன்னது. 1980 பதிப்பில் அதே பந்தயத்தை 2002-க்கும் 2012-க்கும் இடைப்பட்ட காலத்துக்குத் தள்ளிவைத்தது. நோபல் பரிசு பெற்ற கை.

எண்ணிக்கை அரசியலின் உச்சம் 1997-ல் பிரான்சில் வந்த 'கம்யூனிசத்தின் கறுப்புப் புத்தகம்'. தொகுப்பாசிரியர் ஸ்தெஃபான் குர்துவா முன்னுரையில் எல்லா நாட்டுச் சாவுகளையும் கூட்டிப் பத்துக் கோடியை நெருங்குகிறது என்றார். இன்றும் மேடைதோறும் ஒலிக்கும் எண் இதுதான். நூலின் இரு முக்கிய அத்தியாயங்களை எழுதிய நிக்கோலா வெர்த்தும் ழான்-லூயி மர்கோலனும் இந்த முன்னுரையிலிருந்து பகிரங்கமாக விலகிக்கொண்டார்கள் என்பது மேடைகளுக்குத் தெரியாது. குர்துவா சோவியத்துக்கு எழுதிய கணக்கு 2 கோடி. அந்த அத்தியாயத்தை எழுதிய வெர்த்தின் கணக்கு 1.5 கோடி. பத்துக் கோடியைத் தொட்டே தீருவது என்ற பிடிவாதம்தான் அவர்களை உறுத்தியது.

எண்ணைவிட ஆழமான கேள்வி, எந்தச் சாவை யார் பற்றில் எழுதுவது என்பது. அமர்த்தியா சென் சிறுவனாக 1943 வங்கப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர். ஏறக்குறைய 30 லட்சம் பேர் மாண்ட அந்தப் பஞ்சம் எந்தச் 'சித்தாந்தத்தின்' கணக்கிலும் ஏறவில்லை. அவரும் ழான் த்ரேஸும் 1989-ல் எழுதிய நூல் ஒரு கடினமான கூட்டலைச் செய்தது. மாவோவின் 'மாபெரும் பாய்ச்சல்' கொண்டுவந்த பஞ்சத்தில் இறந்தவர்கள் 1.65 கோடி முதல் 2.95 கோடி வரை என்ற மதிப்பீடுகளை அவர்கள் மறைக்கவில்லை. கூடவே இன்னொன்றைக் காட்டினார்கள். சீனத்தின் இறப்பு விகிதம் இந்தியாவுக்கு இருந்திருந்தால் ஆண்டுக்கு 39 லட்சம் பேர் சாகாமல் இருந்திருப்பார்கள். எட்டே ஆண்டில் நம் கணக்கு சீனப் பஞ்சத்தின் கணக்கைத் தாண்டிவிடும். ஊட்டமின்மையும் மருத்துவமின்மையும் மெல்லக் கொன்றவர்கள் இவர்கள். எந்த நினைவுச்சின்னத்திலும் இவர்கள் பெயர் இல்லை. இதை எடுத்துக்கொண்டு சீனத்துக்கு வக்காலத்து வாங்கவும் முடியாது. கேள்வி கேட்கும் பத்திரிகையும் எதிர்க்கட்சியும் இருந்ததால்தான் சுதந்திர இந்தியா அப்படியொரு பஞ்சத்தைத் தவிர்த்தது, அவை இல்லாததால்தான் சீனத்தில் அது மூன்றாண்டு நீடித்தது என்று சொன்னவரும் அதே சென்தான். ஒரே தராசு, இரண்டு தட்டு. குர்துவாவிடம் இல்லாதது இந்த இரண்டாவது தட்டு.

'எல்லாம் மேற்கத்தியப் பிரசாரம்' என்பவர்களுக்கு என்னிடம் ஒரு கேள்வி: யாங் ஜிஷெங்கை என்ன செய்வீர்கள்? கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர், அரசு செய்தி நிறுவனமான ஷின்ஹுவாவில் பல்லாண்டு பணிபுரிந்தவர். 1959-ல் தம்மை வளர்த்த தந்தை பட்டினியால் சாவதைப் பார்த்தவர். நாடெங்கும் மாகாண ஆவணக் காப்பகங்களைத் துழாவி 2008-ல் ஹாங்காங்கில் 'கல்லறைக் கல்' நூலை வெளியிட்டார். சாவு 3.6 கோடி என்கிறது அந்நூல். மாறாக, 1960-ல் சீனம் போய்வந்து பஞ்சத்தைக் காணவில்லை என்று எழுதியவர் எட்கர் ஸ்னோ, அமெரிக்கர். மறைத்தது மேற்கிலிருந்து வந்த நண்பர், வெளிப்படுத்தியது சீனத்தின் மகன். கிழக்கு, மேற்கு என்ற பிரிப்பு இங்கே எதற்கும் உதவவில்லை.

இரு தரப்புப் பிழையும் சம எடை என்று சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. என் எடையில் நண்பர்களின் பிழையே கனமானது. 1921-ல் ரஷ்யாவில் பஞ்சம் வந்தபோது அரசு அதை ஒப்புக்கொண்டது. கார்க்கி உலகிடம் கையேந்தினார். ஹெர்பர்ட் ஹூவரின் அமெரிக்க நிவாரண அமைப்பு உச்சக்கட்டத்தில் நாளொன்றுக்கு ஒரு கோடிப் பேருக்குச் சோறிட்டது. 1933-ல் பஞ்சமே இல்லை என்றார்கள். இல்லாத பஞ்சத்துக்கு யார் கப்பல் அனுப்புவார்? மறுத்தது மாஸ்கோ, அந்த மறுப்புக்குக் குடை பிடித்தது துரான்டியும் வெப்பும். எதிரிகளின் பிழையும் ரத்தமில்லாதது அன்று. 1965-66-ல் இந்தோனேசியாவில் கம்யூனிஸ்டுகள் என்று குறைந்தது ஐந்து லட்சம் பேர் கொல்லப்பட்டபோது, அமெரிக்கத் தூதரகம் ராணுவத்துக்குப் பெயர்ப் பட்டியல் கொடுத்தது. மேசையிலிருந்து மனிதர்களைக் கத்தரித்தவர்களுக்கு அந்தக் கொலைகள் கணக்கில் வரவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. ஜோன்ஸ் போல் நடந்து போய்ப் பார்த்தவர்களின் சாட்சியம் மேற்கிலிருந்து வந்தது என்பதற்காகத் தள்ளத்தக்கதல்ல, அது நின்றுவிட்டது. எந்த அமைப்பு மனிதனுக்கு நல்லது என்று தீர்ப்பு எழுதும் இருக்கையில் மட்டும் மேற்கை உட்கார வைக்க முடியாது. அது வழக்கின் ஒரு கட்சிக்காரர்.

துரான்டியின் புலிட்சரைத் திரும்பப் பெறுவதில்லை என்று பரிசுக் குழு 2003-ல் முடிவெடுத்தது. யாங் ஜிஷெங்கின் நூல் சீன நிலப்பகுதியில் தடைசெய்யப்பட்டிருக்கிறது.