அபயம் அளிக்கும் பாவைகள்

ஆபத்தில் அகப்பட்டவன் கூப்பிடுவதும், அந்தக் குரலைக் கேட்டவன் விரைந்து வந்து காப்பதும் கதைகளின் ஆதி வடிவங்களுள் ஒன்று. முதலையின் வாயில் கால் சிக்கிய யானை, தன் பலமும் தன் இனத்தின் பலமும் தீர்ந்தபின் ஆதிமூலமே என்று அலற, கருடன்மேல் ஏறிப் பறந்து வந்த பெருமாள் சக்கரத்தை ஏவி அதன் துயர் தீர்த்த கஜேந்திர மோட்சத்தைக் கேளாத தமிழர் அரியர். அந்தப் புராணத்தின் கட்டுக்கோப்பை அறிந்தோ அறியாமலோ அப்படியே வைத்துக்கொண்டு, பெருமாளின் ஸ்தானத்தில் ஒரு கோடீசுவரத் தந்தையையும் அவருடைய ஐந்து புதல்வர்களையும், கருடனின் ஸ்தானத்தில் ஐந்து யந்திரங்களையும் நிறுத்தி, 1965-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒளிபரப்பாகத் தொடங்கிய பொம்மலாட்டத் தொலைக்காட்சித் தொடர்தான் ‘தண்டர்பேர்ட்ஸ்’. சிறுவர் விளையாட்டு என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் மழைக்காலம் வந்தால் எந்தச் சரிவு எப்பொழுது நழுவுமோ என்ற கவலையோடு வாழும் நீலகிரிவாசிகளுக்கு, மீட்பைப் பற்றி ஒரு தலைமுறை எவ்வாறு கனவு கண்டது என்பது வீண் விசாரணையாகாது. அந்தக் கனவின் குணத்தையும் குற்றத்தையும் நீலகிரியின் பைக்காராவில் இருந்துகொண்டு நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதை சுருக்கமானது. விண்வெளி வீரராக இருந்து பெருஞ்செல்வரான ஜெஃப் ட்ரேசி, பசிபிக் சமுத்திரத்தின் தனித்தீவு ஒன்றில் தம் மக்களோடு வசிக்கிறார். ஸ்காட், வர்ஜில், ஆலன், கார்டன், ஜான் என்ற அவ்வைவருக்கும் அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரர்களின் பெயர்களே சூட்டப்பட்டிருக்கின்றன. வானத்தில் மிதக்கும் ஐந்தாம் யந்திரத்தில் அமர்ந்து உலகெங்கிலும் எழும் அபயக்குரல்களை ஜான் கேட்கிறான். மணிக்கு 15,000 மைல் வேகத்தில் பாயும் முதல் யந்திரத்தில் ஸ்காட் சென்று நிலைமையை ஆராய்கிறான். வேண்டிய கருவிகளை வயிற்றில் ஏற்றிக்கொண்டு வர்ஜிலின் பச்சைநிறப் பெருவிமானம் பின்தொடர்கிறது. ஜெரி ஆண்டர்சனும் அவருடைய மனைவி சில்வியா ஆண்டர்சனும் படைத்த இத்தொடர் மொத்தம் 32 பகுதிகளோடு 1966 டிசம்பரில் நின்றுவிட்டபோதிலும், அதன் கீர்த்தி இன்னும் குன்றவில்லை.

இக்கற்பனைக்கு வித்திட்டது மெய்யான ஒரு விபத்து. 1963 அக்டோபர் 24-ஆம் நாள், மேற்கு ஜெர்மனியில் லெங்கெடே என்னும் ஊரின் இரும்புச் சுரங்கத்துக்குள் மேலே இருந்த சேற்றுக்குளம் உடைந்து பாய்ந்தது. 29 பேர் மாண்டனர். கடைசியாக எஞ்சிய பதினொருவரை, பூமியைத் துளைத்து இறக்கிய குழாய்வழியே ஒரு சிறு கூண்டில் ஒவ்வொருவராக ஏற்றி, நவம்பர் 7-ஆம் நாள் உயிருடன் மீட்டனர். துளையிடும் பெருங்கருவி தொலைவிலிருந்து வந்து சேரவேண்டியிருந்தது என்ற செய்தி ஆண்டர்சனின் மனத்தில் தைத்தது. உயிருக்கும் சாவுக்கும் இடையே நிற்பது தூரமே. அத்தூரத்தை வெல்லும் வேகம் கைவசம் இருந்தால் எத்தனை உயிர்கள் பிழைக்கும் என்று அவர் எண்ணியதன் விளைவே இத்தொடர்.

குணங்களை முதலில் கூறுவோம். ஏறக்குறைய 22 அங்குல உயரமுள்ள இப்பாவைகளை உயரமான பரணில் நின்ற கலைஞர்கள் மெல்லிய உலோகக் கம்பிகளால் இயக்கினார்கள். முன்னரே பதிவு செய்த வசனத்தின் ஒலி மின்துடிப்பாக மாறிக் கம்பிவழியே இறங்கிப் பாவையின் தலைக்குள் இருந்த சிறு மின்காந்தக் கருவியை இழுக்க, ஒவ்வோர் அசைக்கும் உதடு திறந்து மூடியது. இக்கருவி இடத்தை அடைத்துக்கொண்டமையால் தலை உடம்புக்குப் பொருந்தாமல் பெருத்தது. கம்பியில் தொங்கும் கால்களோ தரையில் ஊன்றி நடக்கும் தன்மையை அடையவே இல்லை. நம் கும்பகோணத்துப் பொம்மலாட்டத்தை இதன் அருகே வைத்துப் பார்க்கலாம். பத்துக் கிலோ வரை கனக்கும் மரப்பாவையின் நூல்களைத் தம் தலையில் அணிந்த வளையத்தில் கட்டி, அதன் கைகளைக் கம்பிகளால் பிடித்து, தம் உடம்பே ஆடுவதால் பாவையையும் ஆடவைக்கும் நம் கலைஞரிடம் பரதநாட்டியமே கைகூடுகிறது. பேச்சு மட்டும் திரைக்குப் பின்னிருந்து வருகிறது. சுருங்கச் சொன்னால், நம் பாவைக்கு ஆட வரும். ஆண்டர்சனின் பாவைக்குப் பேச வரும்.

நடக்க இயலாத பாத்திரங்களைக் கொண்டு வீரக்கதை எடுக்கப் புகுந்தவர்கள், அந்த ஊனத்தை மறைக்கச் செய்த உபாயங்களே இத்தொடரின் சிறப்பாக மலர்ந்தன. வர்ஜில் தன் விமானத்துக்கு நடந்து செல்வதில்லை. சுவரில் மாட்டிய படம் ஒன்றில் அவன் சாய, அது தலைகீழாகச் சுழன்று அவனைச் சறுக்குப்பாதையில் இறக்கிவிட, விமானத்தின் ஆசனத்திலேயே அவன் போய்ச் சேருகிறான். நீச்சல்குளம் நகர்ந்து ராக்கெட்டுக்கு வழிவிடுகிறது. ஓடுபாதையின் இருமருங்கிலும் மரங்கள் சாய்ந்து கொடுக்கின்றன. மனித நடிகர்கள் ஓடிக் கடந்துவிடக்கூடிய இடைவெளிகள் யாவும் இங்கே ஆயத்தமாகவும் ஒழுங்காகவும் காட்சிப்படுகின்றன. முகபாவம் மாறாத பாவைக்குப் பதிலாக யந்திரங்களே நடித்தன என்றும் கூறலாம். டெரிக் மெடிங்ஸ் என்னும் கலைஞர் அழுக்கும் எண்ணெய்க்கறையும் பூசிச் செய்த அச்சிறு மாதிரிகளுக்கு, உழைத்துத் தேய்ந்த வண்டிக்கு உரிய மெய்ம்மை வாய்த்தது. முதலில் 25 நிமிட அளவில் திட்டமிட்டிருந்த பகுதிகளை, முதல் பகுதியைக் கண்டு வியந்த தயாரிப்புத் தலைவர் லூ கிரேடின் ஆணைப்படி 50 நிமிடங்களாக நீட்டியபோது, சில இடங்களில் தொய்வு நேர்ந்தது உண்மையே. ஆனால் மீட்பு என்பது கண்சிமிட்டும் நேரத்தில் நிகழும் அற்புதமன்று, சோதித்தும் தவறியும் மறுபடி முயன்றும் செய்யும் பொறுமையான வேலை என்ற உண்மையும் அந்நீட்சியால் பார்ப்பவர் மனத்தில் பதிந்தது.

இரண்டாவது குணம் அதன் தர்மம். உலக வல்லரசுகள் அணுகுண்டுகளைக் குவித்துக்கொண்டிருந்த காலத்தில், யந்திர ஞானத்தின் உச்சம் உயிரைக் காப்பதற்கே என்று குழந்தைகளுக்குச் சொன்ன கதை இது. அணுசக்தியால் பறக்கும் பெருவிமானத்தின் சக்கரக்கூட்டில் வெடிகுண்டு ஒளித்துவைக்கப்பட்டதால் அது தரையிறங்க இயலாமல் தத்தளிக்க, கீழே ஓடும் வண்டிகளின்மேல் அதைத் தாங்கி இறக்கும் முதல் பகுதியில், வெற்றி என்பது பிரயாணிகள் பிழைப்பது மாத்திரமே. காப்பாற்றியவர்கள் கூலியையோ புகழையோ எதிர்பாராமல் மறைந்துவிடுகிறார்கள்.

இனிக் குற்றங்கள். யந்திரங்கள் தீயோர் கையில் சிக்கி நாசவேலைக்குப் பயன்படும் என்ற அச்சத்தால் ட்ரேசி குடும்பம் தன் வித்தையை உலகுக்கு மறைக்கிறது. இந்த அச்சத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் உயிர்காக்கும் சாஸ்திரத்தை ஒரு வீட்டாரின் பரம்பரைச் சொத்தாக்கி, மருத்துவமனைக்கோ தீயணைப்புப் படைக்கோ பயன்படாமல் பூட்டிவைப்பதை அறம் என்று எங்ஙனம் ஒப்புவது? அக்குடும்பத்துக்கு நாளை சலிப்பு நேர்ந்தால் உலகத்தின் அபயக்குரலுக்குச் செவி யார் என்ற கேள்வியைக் கதை எழுப்புவதே இல்லை. தோற்பாவைக்கூத்தை நடத்தும் மண்டிகர் குடும்பங்களிலும் வித்தை தந்தையிடமிருந்து மகனுக்கே இறங்கிவந்தது. திரைக்குப் பின்னே ஒருவர் எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுக்க, வீட்டாரே வாத்தியம் வாசித்துப் பின்பாட்டுப் பாடினர். ஆனால் அவர்கள் ஊர் ஊராகச் சென்று மக்கள் நடுவில் விளக்கேற்றியே பிழைத்தவர்கள். சபை இல்லையேல் அவர்களுக்கு வாழ்வு இல்லை. தீவில் ஒளிந்த செல்வர் குடும்பத்துக்கோ சபையே பகை.

மற்றொரு குற்றம் நம்மைப் போன்றவர்களை நேரே தொடுவது. இத்தொடரின் நிரந்தர வில்லன் மலேசியக் காட்டுக்கோயிலில் இருந்துகொண்டு மாயக்கண்ணால் பிறரை வசியம் செய்யும் கீழ்த்திசையான்; பெற்றோருள் ஒருவரை மட்டும் அவனோடு பொதுவாகக் கொண்ட சகோதரனான கிரானோ ட்ரேசி வீட்டில் பணிவிடை செய்கிறான். கீழ்நாட்டான் என்றால் சூழ்ச்சிக்காரன் அல்லது சேவகன் என்ற காலனி யுகத்து மனப்பான்மை, நூறாண்டுக்குப் பிற்பட்ட உலகைக் காட்டுவதாகச் சொல்லும் கதையிலும் உதிர்ந்துபோகவில்லை. பெண்களுள் உளவறியும் பெனலோபி ஒருத்திக்கே சுதந்திரமான இயக்கம் வாய்க்க, படித்த மற்றொரு பெண்பாத்திரமான டின்-டின்னுக்கு அவள் அறிவுக்குத் தக்க வேலை அபூர்வமாகவே கிடைக்கிறது.

எல்லாவற்றினும் பெரிய குறை, காக்கப்படுபவர்களுக்குக் கதையில் வேலையே இல்லாமை. கஜேந்திரனாவது தன் பலம் தீருமட்டும் போராடியபின்பே கூப்பிட்டது. இத்தொடரின் ஜனங்களோ பெரும்பாலும் அஞ்சிக் காத்திருப்பதோடு சரி. லெங்கெடேயில் நடந்தது வேறு. இடிந்துபோன பழைய சுரங்கப்பகுதியில் சிலர் ஒதுங்கியிருக்கக்கூடும் என்று, உள்வழிகளை அறிந்த தொழிலாளர்கள் கொண்ட ஊகத்தின்பேரிலேயே அங்கே துளையிட்டுப் பார்த்தனர். உயிர்கள் இருப்பது தெரிந்தது. அந்நிகழ்ச்சியில் பாதி யந்திரம், பாதி அனுபவம். ஆண்டர்சன் யந்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

பைக்காராவில் இருப்பவருக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். மலைக்குள் ஒளிந்த யந்திரம் என்பது இங்கே கற்பனையன்று. முக்குருத்திப் பக்கம் பிறந்து வரும் ஆற்றின் நீரைக் கிளென்மார்கனுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து இரும்புக் குழாய்களில் ஏறக்குறைய 3,000 அடி கீழே சிங்காராவுக்கு விழச்செய்து, 1932-இல் சென்னை மாகாண அரசு மின்சாரம் எடுத்தது. கோயம்புத்தூர் ஆலைகள் அதனால் பெருகின. 2005-இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் நிலையமோ மலையைக் குடைந்து பூமிக்கடியிலேயே அமைந்திருக்கிறது. ட்ரேசி தீவின் ரகசிய மண்டபத்துக்கு வடிவில் இது சளைத்ததன்று. ஆனால் இதன் உடைமை பொதுமக்களுடையது, இதன் வித்தை பொறியியல் கல்லூரிகளில் கற்பிக்கப்படுவது.

மீட்பு விஷயத்திலும் இம்மலை கற்றுத்தந்த பாடம் உண்டு. 1993 நவம்பரில் மரப்பாலம் என்னும் இடத்தில் மலை சரிந்து சாலையும் ரயில்பாதையும் அடித்துச் செல்லப்பட்டன; 2009 நவம்பரில் மண்சரிவுகள் மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டன. தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் அரக்கோணத்திலிருந்து புறப்பட்டு, மரம் விழுந்து மண் மூடிய அதே மலைப்பாதையில்தான் ஏறிவரவேண்டும்; பொக்லைன் வந்து சேருமுன் மண்வெட்டியோடும் கடப்பாரையோடும் நிற்பவர் அடுத்த லைன் வீட்டுக்காரரே. 2021 டிசம்பர் 8-ஆம் நாள் குன்னூரை அடுத்த நஞ்சப்பசத்திரத்தில், முப்படைத் தலைமைத் தளபதி சென்ற ஹெலிகாப்டர் விழுந்து எரிந்தபோது, குடங்களில் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடியவர்களும், காயம்பட்டவர்களைத் தூக்கத் தம் வீட்டுக் கம்பளிகளைக் கொடுத்தவர்களும் அவ்வூர் ஏழை மக்கள்.

கருவிகளை இழிவுபடுத்துவது என் அபிப்பிராயமன்று. 2019 அக்டோபரில் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில், மூடாமல் விட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தைக்காக நாடே தொலைக்காட்சியின்முன் விழித்திருக்க, பெரிய துளைக்கருவிகளும் பாறையில் திணறின; குழந்தையை இழந்தோம். அங்கே தேவைப்பட்ட முதல் கருவி, குழாய் வாயை மூடியிருக்க வேண்டிய ஒரு மூடி. 2023 நவம்பரில் உத்தராகண்டின் சில்க்யாரா சுரங்கத்தில் 41 தொழிலாளர் 17 நாள் அடைபட்டிருந்தபோது, வெளிநாட்டுத் துளைக்கருவி இடிபாட்டின் பெரும்பகுதியைத் துளைத்தது. அது உடைந்தபின் எஞ்சிய சில மீட்டர்களை, குழாய்க்குள் தவழ்ந்து சென்று கையாலேயே மண் அள்ளிய எளிய தொழிலாளர்கள் முடித்துவைத்தார்கள். யந்திரமும் கையும் சேர்ந்தே அங்கு வென்றன.

ஆகவே தீர்ப்பு இதுவாகும்: ‘தண்டர்பேர்ட்ஸ்’ கலை என்ற வகையில் தன் பாவைகளின் ஊனத்தையே அழகாக மாற்றிய அரிய சாதனை; ஆயத்தம், பொறுமை, கைம்மாறு கருதாமை ஆகிய மூன்றையும் குழந்தைகளுக்குக் கற்பித்தவகையில் போற்றத்தக்கது. தூரத்தை வேகத்தால் மட்டுமே வெல்லலாம் என்று நம்பியதிலும், அண்டை வீட்டானைப் பார்வையாளனாக்கியதிலும் அது பிழைபட்டது. நம் பொம்மலாட்டக் கலைஞர்கள் ராமாயணத்தோடு சுகாதாரப் பிரசாரக் கதைகளையும் ஆடிப் பழகியவர்கள். தென்மேற்குப் பருவமழைக்கு முன்பாக ஒவ்வோராண்டும் அவர்களை நீலகிரியின் பள்ளிகளுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் அழைத்து, சரிவின் முன்குறிகளையும் ஓட வேண்டிய வழியையும் நாடகமாக ஆடவைக்கக் கல்வித்துறையும் மாவட்ட நிர்வாகமும் முன்வர வேண்டும். அந்நாடகத்தின் நாயகன் வானத்திலிருந்து இறங்குபவனாக இருக்க வேண்டாம். கம்பளியோடு ஓடிவரும் பக்கத்து வீட்டுக்காரனாக இருக்கட்டும்.