'இம்பாக்ட் ஆஃப் த வெஸ்ட்': ஒரு தொடரும் திருகோணமலை நாவல்களும்

ஈழத்துத் தமிழ் நாவலின் தோற்றத்தை விளக்குவோர் பலர் 'இம்பாக்ட் ஆஃப் த வெஸ்ட்' என்னும் ஆங்கிலத் தொடருடன் அமைதி கொள்வர். 'மேனாட்டுத் தாக்கம்' எனத் தமிழாக்கினும் அதன் குறை நீங்காது. தாக்கமெனில் புறத்தேயிருந்து விழும் அடி; ஏற்போர் செயலற்றோராவர்.

திருகோணமலைத் துறைமுகப் பட்டினத்தார் இருவரின் நூல்களை நோக்குவோம். இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை' (1891) ஐரோப்பிய வீரகாதையொன்றைத் தழுவியது. நான்காண்டுகளின் பின், தி. த. சரவணமுத்துப்பிள்ளையோ சொக்கநாத நாயக்கர் காலத் தமிழக வரலாற்றை 'மோகனாங்கி' (1895) என நாவலாக்கினார்.

துறைமுகம் ஒன்று, விளைவு இரண்டு. தாக்கமே காரணமெனில் இவ்வேறுபாடு எங்ஙனம் நேர்ந்தது? ஆங்கிலங்கற்ற மத்தியதர வர்க்கத்தின் எழுச்சி, அச்சியந்திரத்தின் பரவல், பழம்பெருமை நாடும் உணர்வு ஆகியவற்றிலன்றோ நாம் விடை தேடவேண்டும்? வடிவம் கப்பலில் வந்திருக்கலாம். அதனை வேண்டி நின்றதும் தன் தேவைக்கேற்ப மாற்றியதும் கரையிலிருந்த சமுதாயமே.