ஜோர்டன் கொடுத்த பாஸ், கொடுக்காத பாஸ்

1997 ஜூன் 13, சிகாகோ. என்பிஏ இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். புல்ஸ் 86, யூட்டா ஜாஸ் 86. அரை நிமிடத்துக்கும் குறைவாகத்தான் நேரம் இருக்கிறது. டைம்-அவுட்டில் மைக்கேல் ஜோர்டன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டீவ் கெரிடம் திரும்பி, என்னை மடக்க ஜாஸின் ஸ்டாக்டன் ஓடி வருவார், தயாராக இரு என்கிறார். அப்படியே நடந்தது. ஜோர்டனை இரண்டு பேர் சூழ்ந்தார்கள், பந்து கெரிடம் போனது. பதினேழு அடி தூரத்திலிருந்து அவர் போட்ட பந்து வலைக்குள் இறங்கியபோது ஐந்து விநாடிதான் பாக்கி. கோப்பை சிகாகோவுக்கு.

மறு ஆண்டு ஜூன் 14, சால்ட் லேக் சிட்டி. அதே இரண்டு அணிகள், மறுபடியும் ஆறாவது ஆட்டம். புல்ஸ் 83-86 என்று பின்தங்கியிருந்தது. ஜோர்டன் விறுவிறுவென்று போய் ஒரு கூடை போட்டார். அடுத்து, பின்னாலிருந்து வந்து கார்ல் மலோன் கையிலிருந்த பந்தைத் தட்டிப் பறித்தார். பயிற்சியாளர் ஃபில் ஜாக்சன் டைம்-அவுட் கேட்கவில்லை. மற்ற நால்வரும் விலகி இடம் கொடுக்க, பிரையன் ரஸலைத் தனியாக எதிர்கொண்டு ஜோர்டன் போட்ட பந்து ஆட்டத்தை 87-86 என்று முடித்தது. அந்த 87-இல் 45 அவருடையவை.

பயிற்சியாளரின் ஆட்டமுறைதான் எல்லாம் என்பவர்கள் முதல் காட்சியைக் காட்டுவார்கள். ஆள் இருந்தால் போதும் என்பவர்கள் இரண்டாவதைக் காட்டுவார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் புல்ஸ் ஆடிய 'முக்கோண' முறையின் அருமையும் குறையும் தெரியும் என்பது என் எண்ணம். அது திறமையை உண்டாக்கவில்லை. ஒருவர்மேல் குவியும் எதிரணியின் கவனத்தை மற்ற நால்வருக்கும் ஆதாயமாக மாற்றிக் கொடுத்தது.

முறையை வகுத்தவர் டெக்ஸ் வின்டர். தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சாம் பாரியிடம் கற்றதை வளர்த்து, 1962-இல் புத்தகமாகவே எழுதினார். களத்தின் ஒரு பக்கம் மூன்று பேர்: கூடைக்கு அருகே ஒருவர், மூலையில் ஒருவர், பக்கக்கோட்டை ஒட்டி ஒருவர். மறுபக்கம் இரண்டு பேர். ஒருவருக்கொருவர் பதினைந்து, இருபது அடி இடைவெளி. இன்னார் இங்கே ஓட வேண்டும், இன்னார் பந்தைப் போட வேண்டும் என்று முன்கூட்டி எழுதிவைத்த திட்டம் இதில் கிடையாது. தடுப்பவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்து, அவர் விட்ட இடத்துக்குப் பந்தை அனுப்ப வேண்டும். முதல் பாஸ் எங்கே போகிறது என்பதைப் பொறுத்து மற்ற நால்வரின் அசைவும் மாறும். அதாவது ஐந்து பேரும் ஒரே கணத்தில் ஒரே விஷயத்தைப் படித்தாக வேண்டும்.

ஜாக்சன் 1989-இல் தலைமைப் பயிற்சியாளராகி இதைக் கொண்டுவந்தபோது ஜோர்டனுக்கு உவப்பாக இல்லை. 1986-87 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 37.1 புள்ளி எடுத்தவரிடம், பந்தைக் கொஞ்சம் விட்டுக் கொடு என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் கணக்கைப் பாருங்கள். முக்கோணம் வந்த பிறகும் அவர் சராசரி 33.6, அடுத்த பருவத்தில் 31.5. புல்ஸ் கோப்பை வென்ற ஆறு பருவங்களிலும் அதிகப் புள்ளி எடுத்தவர் பட்டம் அவருக்குத்தான். அவர் இழந்தது சொற்பம். அதற்கு ஈடாக ஜான் பாக்ஸன், ஹோரஸ் கிரான்ட் போன்றவர்கள் நெருக்கடி நேரத்தில் பந்தைத் தொட்டுப் பழகினார்கள். அந்தப் பழக்கத்தின் மதிப்பு 1993-இல் ஃபீனிக்ஸில் நடந்த இறுதித் தொடர் ஆட்டத்தில் தெரிந்தது. கடைசிக் கால்பகுதி முழுக்க புல்ஸ் எடுத்ததே 12 புள்ளி. முதல் ஒன்பதும் ஜோர்டனுடையவை. கடைசி மூன்று? ஜோர்டனிடமிருந்து ஸ்காட்டி பிப்பனுக்கு, பிப்பனிடமிருந்து கிரான்டுக்கு, கிரான்டிடமிருந்து பாக்ஸனுக்கு என்று நான்கு கை மாறிப் போன பந்து. பாக்ஸன் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து போட்டார். 99-98. கோப்பை.

அந்த ஆண்டே ஜோர்டன் ஓய்வை அறிவித்தார். ஆட்டமுறைக்கு இதைவிடக் கறாரான பரீட்சை அமையாது. முந்தைய பருவத்தில் 57 வெற்றி பெற்ற அணி, அவர் இல்லாமல் 55 பெற்றது. டோனி கூகோச், கெர் ஆகியோர் புதிதாக வந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். ஆனாலும் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் போய்விட்ட அணி சரியாமல் நின்றது முக்கோணத்துக்குப் பெருமைதான்.

அதே பருவத்தில் அதன் எல்லையும் தெரிந்தது. 1994 மே மாதம், நியூயார்க் நிக்ஸுக்கு எதிரான ப்ளே-ஆஃப் தொடரின் மூன்றாவது ஆட்டம் சமநிலையில் நிற்கிறது, 1.8 விநாடி பாக்கி. கடைசிப் பந்தைக் கூகோச் போடட்டும் என்றார் ஜாக்சன். அந்தப் பருவம் முழுக்க அணியைத் தோளில் சுமந்த ஸ்காட்டி பிப்பன், களத்துக்குள் வர மறுத்து பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். கூகோச் பந்தைப் போட்டார், அணி வென்றது. ஆனால் பிப்பனின் அந்த மறுப்பை நான் வெறும் அகந்தை என்று ஒதுக்க மாட்டேன். எல்லோருக்கும் சமமாகப் பந்து என்று சொல்லும் முறைக்கும் கடைசிப் பந்துக்கு ஓர் ஆள் தேவைப்படுகிறது. அந்த ஆள் யார் என்ற கேள்விக்கு எந்த வரைபடத்திலும் விடை இல்லை. ஆட்டக்காரர்களின் மனத்தில்தான் அது தீர்மானமாக வேண்டும். நிக்ஸிடம் அந்தத் தொடரை ஏழு ஆட்டங்களில் புல்ஸ் தோற்றது.

ஜாக்சன் பின்னர் பயிற்சியாளராகப் போன லேக்கர்ஸில் இந்த எல்லை இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஷகீல் ஓ'நீல், கோபி பிரயன்ட் இருவரோடும் ஜாக்சன் 2000 முதல் 2002 வரை மூன்று கோப்பை வென்றார். ஷகீல் போன பிறகு, 2005-06 பருவத்தில், அதே ஜாக்சன், அதே முக்கோணம், அதே கோபி. அந்த ஜனவரியில் ஒரே ஆட்டத்தில் 81 புள்ளி எடுத்தார் கோபி. அணியோ 45 வெற்றியோடு ப்ளே-ஆஃப் முதல் சுற்றிலேயே வெளியேறியது. 2008 பிப்ரவரியில் பாவ் கசோல் வந்து சேர்ந்தார். கூடைக்கு அருகே பந்தை வாங்கி, நிதானமாகச் சுற்றிலும் பார்த்து, சரியான ஆளுக்குக் கொடுக்கத் தெரிந்த நெட்டை மனிதர். அந்த ஆண்டே இறுதித் தொடர், 2009, 2010-இல் கோப்பைகள். முக்கோணத்தின் அந்த முனையில் நிற்கப் பார்வையுள்ள ஒருவர் வேண்டும், அவர் இல்லையென்றால் மற்ற நால்வரின் ஓட்டமும் வீண்.

இதைப் புரிந்துகொள்ளாமல், ஜாக்சனோடு இருந்தவர் வந்தால் முறையும் கூடவே வந்துவிடும் என்று நம்பிய அணிகளை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஜாக்சனின் உதவியாளராக இருந்த கர்ட் ராம்பிஸ் மினசோட்டாவுக்குப் பயிற்சியாளராகப் போனார். முதல் பருவத்தில் 15 வெற்றி, 67 தோல்வி, அடுத்ததில் 17-65. ஜாக்சனே 2014-இல் நிக்ஸின் தலைவராகி, தன்னிடம் ஆடிய டெரெக் ஃபிஷரைப் பயிற்சியாளராக்கினார். அங்கும் முதல் பருவம் 17-65. ஆட்டமே மாறிப்போயிருந்தது. மூன்று புள்ளி ஷாட்டும், திரை போட்டு உருளும் 'பிக் அண்ட் ரோல்' ஆட்டமும் கோலோச்சிய காலத்தில், கூடைக்கு அருகே பந்தைக் கொடுத்துக் காத்திருக்கும் முறையைப் பிடிவாதமாகப் பிடித்திருந்தார்கள். தவிர, 82 ஆட்டப் பருவத்தில் ஒழுங்காகப் பயிற்சி செய்யவே நாள் கிடைப்பதில்லை. பாதி அணி ஆண்டுதோறும் கைமாறுகிறது. ஐவரும் ஒன்றாகப் படிக்க வேண்டிய பாடத்தை அவர்கள் எப்போது படிப்பார்கள்? தோற்றபோது ஆட்டக்காரர்களுக்குப் புரியவில்லை என்று அவர்கள் தலையில் பழியைப் போடுவது பயிற்சியாளர் செய்யும் அநியாயம். களத்தில் நிற்பவனுக்குப் புரியாத முறை, அவனுக்கான முறை இல்லை.

ஜோர்டனிடம் பாஸ் வாங்கிய கெர் இதை உணர்ந்திருந்தார் என்று நினைக்கிறேன். 2014-இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்குப் பயிற்சியாளராக வந்தவர் முக்கோணத்தை அப்படியே இறக்கவில்லை. பந்து நிற்காமல் கைமாற வேண்டும் என்பதையும், பந்து இல்லாதவனும் ஆட்டத்தில் இருக்க வேண்டும் என்பதையும் மட்டும் எடுத்துக்கொண்டார். ஸ்டெஃப் கரி எங்கிருந்து வேண்டுமானாலும் போடுவார் என்பதால் அவரைச் சுற்றியே எல்லாவற்றையும் அமைத்தார். முந்தைய பருவத்தில் 51 வெற்றி பெற்றிருந்த கிட்டத்தட்ட அதே ஆட்டக்காரர்கள் 67 பெற்றுக் கோப்பையும் வென்றார்கள். 2019-20 பருவத்தில் அணியின் நட்சத்திரங்களில் டுரான்ட் போய்விட்டார், கிளே தாம்ப்ஸன் காயத்தில் இருந்தார், நான்காவது ஆட்டத்தில் கரியின் கை எலும்பு முறிந்தது. அதே கெர், அதே முறை: 15 வெற்றி, 50 தோல்வி. 2022-இல் கரியும் தாம்ப்ஸனும் களத்தில் இருந்தார்கள். கோப்பை மறுபடியும் வாரியர்ஸுக்கு வந்தது.