கையும் நூலும்

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1867இல் அவரது ‘இரண வைத்தியம்’ வெளிவந்தது. அதனைத் தமிழ்த் தொண்டென்று மட்டும் போற்றுவோர் பாதிப் பெருமையையே கண்டவராவர். மாணாக்கர் நோயாளியின் படுக்கையருகே நின்று பயின்றனர். நூல் சொன்னதைக் கை செய்து பார்த்தது. மதம் பரப்புதலே மிஷனின் நோக்கம் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அக்கல்விமுறை நமக்கு வேண்டியது. இன்று தமிழில் விஞ்ஞானம் கற்கும் பிள்ளைகள் பலர், ஆய்வுகூடத்தில் தொட்டறிய வேண்டியதை ரியூசன் வகுப்பில் மனனஞ் செய்கின்றனர். தாய்மொழிக் கல்வியை வென்றெடுத்த நாம் செயல்முறைக் கல்வியைக் கைநழுவ விட்டோம். பணமுள்ளவன் பிள்ளைக்கு இக்குறை ஈடாகலாம். கூலியாளின் பிள்ளைக்கு ஆகாது. ஆதலின், கிராமப் பாடசாலை ஒவ்வொன்றுக்கும் ஆய்வுகூடம் கேட்பதே நம் முதற்கடன்.