லயத்து வாசிப்பும் கேள்விச் செல்வமும்

மாணாக்கன் ஒருவனது கல்வி எவ்வாறு நிறைவுறும் என்பதை ஆராய்ந்த பவணந்தி முனிவர், நன்னூற் பொதுப்பாயிரத்தில் அதனை ஒரு கணக்காகவே வகுத்துக் காட்டினார். ஆசிரியர் உரைத்ததைச் செவ்வனே கொண்டவனுக்கும் காற்பங்கே கைகூடும். உடன் பயில்வாரோடு கலந்து பயிலுதலால் மற்றொரு காற்பங்கு சேரும். எஞ்சிய அரைப்பங்கோ, தான் கற்றதைப் பிறர்க்கு விரித்துரைக்கும்போதே நிரம்பும் என்பது அவர் துணிபு. ஆகவே, ‘நான் இன்ன நூலைப் படிக்கின்றேன், அதில் இன்ன பகுதி என் மனத்தைக் கவர்ந்தது’ என ஒருவர் மற்றொருவருக்குச் சொல்வது வெறும் பொழுதுபோக்கன்று, கல்வியின் சரிபாதி அது. வள்ளுவர் அதிகாரங்களை நிரல்படுத்திய முறையும் ஈண்டு எண்ணத்தக்கது. கல்வி, கல்லாமை ஆகிய இரண்டினையும் அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை அவர் வைத்தார். எழுத்தறியாதார்க்கு அறிவின் வாயில் அடைபட்டுவிடவில்லை என்பதே அவ்வைப்பு முறையால் விளங்குவது.

இவ்வுண்மைக்கு இலக்கியமாக அமைந்தது ஈழத்து மலைநாட்டின் வாசிப்பு வரலாறு. பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்கு இறங்கும் நெடுஞ்சாலையிலே உள்ளது லுணுகலை. அதனைச் சூழ்ந்த ஹொப்டன், அடாவத்தை முதலிய தோட்டங்களிலும், ஊவாவின் பிற தோட்டங்களிலும் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தேயிலையோடு வாழ்ந்து வருகின்றனர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு லயத்தில் எழுத்தறிந்தார் ஒருவரோ இருவரோ இருப்பதே அரிது. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச்சட்டத்திற்குப் பின்னரும் தோட்டப் பாடசாலை என்பது பெரும்பாலும் ஓராசிரியர் நடத்திய ஓரறைக் கூடமாகவே இருந்தது. அந்நிலையில் நூல் என்பது ஒருவர் தனித்திருந்து கண்ணாற் படிக்கும் பொருளாக இருத்தல் இயலாது. பகற்பொழுது மலைக்கு உரியது. கொழுந்து நிறுத்து, கணக்குத் தீர்ந்து, காம்பராவுக்குத் திரும்பி, அடுப்பெரிந்த பின்னரே வாசிப்புக்கு வேளை வாய்த்தது. இஸ்தோப்பிலே விளக்கை வைத்து ஒருவர் படிக்கப் பலர் கேட்டனர்.

அவர்கள் விரும்பிக் கேட்ட நூல்கள் எவை? சென்னையில் அச்சாகிக் கடல் கடந்து வந்த பெரிய எழுத்து நூல்களே அவற்றுள் முதன்மையானவை. அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, விக்கிரமாதித்தன் கதை, நல்லதங்காள் கதை என்பன மங்கிய ஒளியிலும் படித்தற்கேற்ற பருத்த எழுத்திலும், கேட்போர் மனத்தில் தங்குதற்கேற்ற ஓசையிலும் அமைந்தவை. புலவர் அவையில் இவற்றுக்கு இடமில்லை. எனினும், ஒரு மக்கட் கூட்டம் ஒரு நூலை ஏன் விரும்பிற்று என்னும் வினாவை எழுப்பாத திறனாய்வு அரைகுறையானதேயாகும். நல்லதங்காள் பஞ்சத்தால் ஊர்விட்டுப் புறப்பட்டவள். பிறந்தகம் நாடிச் சென்றும் அங்குச் சோறு பெறாதவள். பெற்ற மக்களைக் கிணற்றில் வீழ்த்தித் தானும் மாண்டவள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தின் நினைவைத் தம் குடும்பக் கதையாகச் சுமந்தவர்க்கு அவள் கதை கற்பனையன்று. அவ்வாறே, ஆடவர்க்கு அடங்காது மதுரையை ஆண்ட அல்லியின் கதை, கங்காணியின் ஏச்சுக்கிடையே நாள் முழுதும் கூடை சுமந்த மகளிர் செவியில் வேறொரு பொருளைத் தந்திருக்கும் என்பதை உணர்தல் அரிதன்று.

இனி, இவ்வாறு கூடிக் கேட்டல் தமிழர்க்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே கந்தபுராண படனம் நிகழுங்கால் ஒருவர் பாட்டை வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்வர். அங்குப் பயன் சொல்பவர் கற்றுவல்லவர். கேட்போர் அடங்கியிருந்து கேட்பர். லயத்து வாசிப்பிலோ பயன் சொல்லுதல் அனைவர்க்கும் பொதுவாயிற்று. படிப்பவரை இடைநிறுத்தி ஐயம் வினாவுவதும், சுவைத்த பகுதியை மீண்டும் படிக்கச் சொல்வதும், பாத்திரத்தின் செயலைக் கண்டிப்பதும் கேட்போர் உரிமை. சுவையற்ற பகுதி வந்தால் அவர்கள் எழுந்து செல்வர். அதனினும் கடுமையான மதிப்புரை வேறில்லை. கடல் கடந்த கியூபாவிலும் இதனையொத்த வழக்கமொன்று தோன்றிற்று. 1865 முதல் ஹவானாச் சுருட்டுத் தொழிற்சாலைகளிலே தொழிலாளர் தம் கூலியிலிருந்து பணம் சேர்த்து வாசிப்போர் ஒருவரை அமர்த்தி, வேலை நடக்கும்போதே நூல்களைப் படிக்கக் கேட்டனர். எந்த நூலைப் படிப்பது என்பதையும் அவர்களே தேர்ந்தனர். சுருட்டுத் தொழிலாளர் ஒரு கூடத்தில் அமர்ந்திருந்தனர். தேயிலைத் தொழிலாளர் மலைச்சரிவிலே நிரையாகச் சிதறி நின்றனர். அங்குப் பகலில் நிகழ்ந்தது இங்கு இரவுக்குத் தள்ளப்பட்டது, வேறுபாடு அவ்வளவே.

செவிவழி வாசிப்பின் வலிமையை நன்குணர்ந்தவர் கோ. நடேசய்யர். தோட்ட எல்லைக்குள் அயலார் புகுதல் தடுக்கப்பட்டிருந்த காலத்திலே அவர் துணி வணிகர் வேடத்தில் உள்ளே சென்று நிலைமை கண்டார் என அவர் வரலாறு எழுதியோர் கூறுவர். தேசநேசன், தேசபக்தன் என்னும் இதழ்களை நடத்திய அவர், தம் எழுத்து எழுத்தறிந்தார் ஒருவர் கைக்குச் சென்றாற் போதும், அவர் வாயிலாகப் பலர் செவிக்குச் செல்லும் என்பதை அறிந்தே எழுதினார் எனலாம். அவர் துணைவியார் மீனாட்சி அம்மையார் மக்கள் அறிந்த மெட்டுக்களிலே பாடல்கள் இயற்றிக் கூட்டங்களிற் பாடினார். அவை 1940இல் நூலாகவும் வந்தன. அச்சிட்ட சொல் பாட்டாக மாறிப் படியாதாரிடமும் சென்று சேர்ந்தது.

1930இல் வீரகேசரியும் 1932இல் தினகரனும் தோன்றிய பின், நாளிதழ் லயத்துக்கு வந்தது. ஓரிதழ் பல கைகள் மாறிற்று. நாட்டு நடப்போடு சிறுகதையும் தொடர்கதையும் படிக்கப்பட்டன. 1960களிலே மலைநாட்டு இளைஞர் தாமே எழுதத் தொடங்கியபோது, அவர்களை வளர்த்ததில் இந்நாளிதழ்களுக்குப் பெரும்பங்குண்டு. வீரகேசரியோடு இணைந்து நடந்த சிறுகதைப் போட்டிகளிற் பரிசு பெற்ற கதைகள் 1971இல் ‘கதைக்கனிகள்’ என வெளிவந்தன. பதுளை மாவட்டத்தவரும், தாம் கற்பித்த தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டவருமான தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ 1974இல் வந்தது. அவருடைய ‘நாமிருக்கும் நாடே’ 1979இலும், என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ 1980இலும் பதுளையைச் சேர்ந்த மு. நித்தியானந்தனின் வைகறை வெளியீடுகளாக வந்தன. இராமையாவின் கதையைப் படிக்கும் நகரத்தார் தோட்ட வாழ்க்கையைப் புதிதாக அறிந்துகொள்வர். கொழுந்து பறிக்கும் ஒருத்தி அதனைக் கேட்கும்போதோ, கூடையின் நிறை சரிதானா, கணக்கப்பிள்ளையின் பேச்சு அவ்வாறுதான் இருக்குமா எனக் கதையைச் சோதிக்கின்றாள். முன்னவர் கதையால் அறிவு பெறுகின்றார். பின்னவள் கதைக்குத் தீர்ப்பளிக்கின்றாள். இவ்விருவருள் சிறந்த நடுவர் யார் என்பது சொல்லாமலே விளங்கும்.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். பலர் விரும்பினர் என்பதால் ஒரு நூல் சிறந்ததாகிவிடுமா? ‘எனக்குப் பிடித்தது’ என்னும் சொல் திறனாய்வாகுமா? ஆகாது என்பதே நேர்மையான விடை. துப்பறியும் கதைகளும் மலிவான காதற்கதைகளும் கைமாறிச் சென்றதும் இதே வழியிலேதான். ஆயின், ‘பிடித்தது’ என்றவுடன் ‘ஏன்?’ என்று கேட்கும் ஒருவர் எதிரே இருக்கும்போது அச்சொல் அங்கு நின்றுவிடுவதில்லை. காரணம் கூறவேண்டும், காரணம் கூறப் பகுதியைச் சுட்டவேண்டும், சுட்டிய பகுதியை மற்றவர் மறுத்தால் மீண்டும் படித்துப் பார்க்கவேண்டும். விருப்பம் ஆராய்ச்சியாக மாறும் இடம் இதுவே. தனியே படித்துத் தனியே சுவைப்பவருக்கு இவ்வாய்ப்பு இல்லை. அவருடைய விருப்பம் பழுதுடையதாயினும் அதனைத் திருத்துவார் எவருமில்லை.

மலைநாட்டு இலக்கியம் பற்றிய ஆய்வுகள் பெருகியுள்ளன. தெளிவத்தை ஜோசப்பும் சாரல் நாடனும் எழுதியோரையும் எழுத்துக்களையும் தேடித் தொகுத்து அரும்பணி ஆற்றினர். சி. வி. வேலுப்பிள்ளை வாய்மொழிப் பாடல்களைத் திரட்டி அழியாது காத்தார். பாடியவர்க்கும் எழுதியவர்க்கும் இவ்வாறு வரலாறு அமைந்தது. கேட்டவர்க்கும் படித்துக் காட்டியவர்க்கும் அத்தகைய வரலாறு இன்னும் அமைய வேண்டியுள்ளது. எழுத்தாளர் வானிலிருந்து வீழ்ந்தவரல்லர். இஸ்தோப்பிலே கேட்டிருந்த கூட்டத்திலிருந்து எழுந்தவர். அக்கூட்டத்தின் சுவையையும் தீர்ப்பையும் அறியாமல் அவர் எழுத்தை முழுதும் அறிதல் இயலாது.

லயத்து விளக்கொளியிற் கதை கேட்ட தலைமுறை முதுமையுற்று மறைந்து வருகின்றது. தெளிவத்தை ஜோசப்பும் 2022இல் மறைந்தார். லுணுகலைப் பகுதியிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர், பாட்டியிடமும் பெரியப்பாவிடமும் ‘அந்நாளில் என்ன புத்தகம் படிக்கக் கேட்டீர்கள்? யார் படித்தார்? எந்த இடத்தில் அழுதீர்கள்? எந்த இடத்தில் எழுந்து போனீர்கள்?’ எனக் கேட்டு, விடைகளை அவர்தம் சொல்லிலேயே குறித்து வைப்பாராயின், அது எந்தப் பேராய்வுக்கும் குறைந்ததாகாது. அவ்வாறு கேட்பவர், தாம் இப்போது படிக்கும் நூலையும் அவர்க்குப் படித்துக் காட்டல் வேண்டும். நன்னூலார் பிறர்க்கு உரைத்தற்கென ஒதுக்கிய அரைப்பங்கு அப்போதே நிரம்பும்.