கதவுக்கு அப்பால்

ராபர்ட் வைஸ் இயக்கத்தில் 1963-ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி ஹான்டிங்’ என்ற கறுப்பு வெள்ளைப் படத்தில், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு பேய்கூடக் கண்ணில் படுவதில்லை. ஆயினும் பேய் வீட்டுப் படங்களுள் அதைப்போல் நெஞ்சை நடுங்கவைக்கும் இன்னொன்றைச் சுட்டுவது கடினம். ஷெர்லி ஜாக்சன் 1959-இல் எழுதிய நாவலைத் தழுவிய இப்படத்தின் கதை மிகச் சிறியது. ஹில் ஹவுஸ் என்னும் பழைய மாளிகையில் அமானுஷ்ய சக்தி உண்டா என்று ஆராய மார்க்வே என்ற ஆய்வாளர் முற்பட, எலினார், தியடோரா என்ற இரு பெண்களும் அவ்வீட்டுக்கு வாரிசாகப்போகும் லூக் என்ற இளைஞனும் அவருடன் அங்கே தங்குகின்றனர்.

ஒட்டடை படிந்த சுவர்களும் கிறீச்சிடும் சன்னல்களும் நிறைந்த பாழ்வீடு பார்த்த மாத்திரத்திலேயே பேய் வீடு என்று தெரிந்துவிடுவதால், பார்வையாளரின் மனம் அதற்கேற்பக் காப்பு அணிந்துகொள்கிறது. ஹில் ஹவுஸோ துடைத்து மெருகேற்றிய வீடு. அதன் குற்றம் அமைப்பிலேயே இருக்கிறது. எந்த மூலையும் செங்கோணமாக இல்லாதபடி கட்டப்பட்டதால், திறந்துவைத்த கதவுகள் தாமாகவே மூடிக்கொள்கின்றன. வெளிப்புறத்துக்கு இங்கிலாந்தின் வார்விக்ஷயரில் உள்ள எட்டிங்டன் பார்க் மாளிகை பயன்பட, உட்புறம் முழுவதும் ஸ்டுடியோவில் எலியட் ஸ்காட் அமைத்த அரங்குகளாகும். விளக்குகளை மேலிருந்து தொங்கவிடுவதற்காக அரங்குகளைக் கூரையின்றி அமைப்பதே பொது வழக்கமாயினும், இங்கே அறைகளுக்குக் கூரையும் போடப்பட்டதால், தாழ்ந்த கோணத்திலிருந்து கேமரா நிமிர்ந்து நோக்கும்போது அக்கூரை மனிதர்களின் தலைமேல் கவிந்து நிற்கிறது. மேலும், அகலத்திரைக்கென பானாவிஷன் நிறுவனம் அப்போது உருவாக்கிக்கொண்டிருந்த 30 மில்லிமீட்டர் அகலக்கோண லென்ஸ், அதாவது குறைந்த தொலைவிலிருந்தே பரந்த இடத்தைப் படம்பிடிக்கும் லென்ஸ், நேர்கோடுகளை வளைத்துக் காட்டும் குறையுடையதாக இருந்தது. அக்குறையை அறிந்தே பெறுவதாகக் கையெழுத்திட்டுத்தான் வைஸ் அதை வாங்கினார். நேராக நிற்க வேண்டிய தூண் சற்றே வளைந்திருப்பதைக் கண் உணர்ந்தும் அறிவு உணராத அந்த இடைவெளியில்தான் அச்சத்தின் முதல் விதை விழுகிறது.

ஆயினும் படத்தின் உயிர் ஒலியில் இருக்கிறது. முதல் இரவில் சுவர் தட்டப்படும் ஓசை கேட்டு, அரைத்தூக்கத்தில் இருக்கும் எலினார் தன் தாய்தான் அழைப்பதாக எண்ணி, இதோ வருகிறேன் என்று மறுமொழி சொல்கிறாள். படுக்கையில் கிடந்த தாயைப் பல ஆண்டுகள் பேணியவள் அவள். ஒரு நாள் தாய் சுவரைத் தட்டியும் அவள் போகவில்லை, தாயும் அன்றே இறந்துபோனாள். ஆகவே அவ்வோசை வீட்டின் பேயாக வருமுன்பே அவளுடைய குற்ற உணர்வாக வந்துவிடுகிறது. தியடோராவின் அறைக்கு அவள் ஓடிச் சேர்ந்தபின், தாழ்வாரத்தில் மோதல் ஒலி ஒவ்வொரு கதவாக நெருங்கி வருகிறது. ஒருவரையொருவர் அணைத்துக்கொண்டிருக்கும் இரு பெண்களின் முகங்களையும் கதவையும் கேமரா மாறி மாறி நோக்குகிறது. கதவின் கைப்பிடி மெல்லத் திரும்புகிறது. இவ்வளவே நிகழ்வது. பிறிதொரு காட்சியில் கனத்த மரக்கதவு, மூச்சு விடும் மார்பைப்போல உள்நோக்கிப் புடைத்து அடங்குகிறது. மெல்லிய மரத்தகடுகளை ஒட்டிச் செய்த கதவை மறுபுறமிருந்து ஒரு வலிய மனிதன் அழுத்தித் தள்ளியே அது படமாக்கப்பட்டது என்பதை அறிந்த பின்னரும், அக்காட்சி தரும் திகில் சிறிதும் குறைவதில்லை.

இக்கலையை வைஸ், ஆர்.கே.ஓ. நிறுவனத்தில் 1940-களில் வால் லூட்டன் என்ற தயாரிப்பாளரிடம் பயின்றார். குறைந்த செலவில் திகில் படங்கள் எடுத்த லூட்டன், நிழலும் ஓசையும் காட்டி உருவத்தை மறைப்பதில் வல்லவர். அப்பயிற்சியின் முழு விளைச்சலாக, இருளில் தியடோராவின் கையைப் பற்றியிருப்பதாக நம்பும் எலினார், விளக்கு எரிந்ததும் தோழி அறையின் மறுபுறம் படுத்திருக்கக் காணும் காட்சியைக் கூறலாம். அதுவரை பற்றியிருந்தது யார் கை என்பதற்குப் படம் விடை தருவதில்லை.

எல்லாவற்றினும் கொடியது ஒன்று உண்டு. ஒண்ட ஓரிடம் இல்லாத எலினாருக்கு, தன்னை விரும்பி அழைக்கும் முதல் இடமாக இந்த வீடு அமைந்துவிடுகிறது. ஜூலி ஹாரிஸின் நடிப்பில் அச்சமும் ஏக்கமும் ஒரே முகத்தில் கலந்து தோன்றுவதால், அவள் தப்பிச் செல்ல வேண்டும் என்று விரும்பும் பார்வையாளர், அவளே அதை விரும்பவில்லை என்று உணரும்போது திடுக்கிடுகின்றனர். 1999-இல் இதே கதையை மீண்டும் எடுத்த யான் டி போன்ட், கணினி வரைகலையால் பேயைக் கண்முன் நிறுத்தினார். அதில் வியப்பு உண்டு, பயம் இல்லை. வைஸின் படத்தைக் காண விரும்புவோர், ஓரங்கள் வெட்டப்படாத அகலத்திரைப் பதிப்பைத் தேடி, விளக்கணைத்து, ஒலியைக் குறைக்காமல் காண வேண்டும். கைப்பேசியின் சிறு திரையில் அந்த வளைந்த தூண்கள் தெரியமாட்டா.