40 பேருக்குச் சட்டை

பெரி மினியேச்சர்ஸ் என்கிற பிரிட்டிஷ் கம்பெனியின் பெட்டி இது. ஐரோப்பியக் கூலிப்படை, 1450 - 1500. உள்ளே பிளாஸ்டிக்கில் 40 சிப்பாய்கள், கை வேறு தலை வேறாக. உயரம் சுமார் 28 மில்லிமீட்டர். வெட்டி, ஒட்டி, பெயிண்ட் அடித்து, மேசைமேல் நிறுத்திப் பகடை உருட்டிச் சண்டை போட வேண்டும். பெரியவர்கள் விளையாட்டுதான், சிரிக்காதீர்கள். எச்.ஜி.வெல்ஸே 1913-ல் இந்த மாதிரி சண்டைக்கு விதிமுறைப் புத்தகம் எழுதியிருக்கிறார்.

கம்பெனியின் சிற்பிகள் ஆலன், மைக்கேல் என்று இரட்டையர். 1996-ல் ஒரு சரித்திரப் போர் நடிப்பில் பீரங்கி வெடித்து மைக்கேலுக்கு வலது கை போனது. இடது கையால் செதுக்கப் பழகிக்கொண்டார். பொம்மையைப் பார்த்தால் சத்தியமாகத் தெரியாது. பெரும்பாலான சிப்பாய்கள் சினிமா வில்லன் மாதிரி வாயைப் பிளக்காமல், சம்பளம் எப்ப வரும் என்கிற முகத்தோடு நிற்கிறார்கள். கூலிப்படைக்கு அதுதானே முகம்?

கோளாறு பெயிண்ட் அடிக்கிறவர்களிடம். பெட்டி பொதுவானது, இவர்களை ஜெர்மானியர் ஆக்குவது பிரஷ்தான். 1474-ல் பர்கண்டி கோமகன் சார்லஸ் நொய்ஸ் நகரை முற்றுகையிட்டான். மீட்கப் போன பேரரசர் மூன்றாம் பிரெடரிக்கின் படைக்கு ஒரே யூனிஃபார்ம் கிடையாது. நகரங்கள் ஆளுக்கொரு கூட்டத்தைத் தங்கள் செலவில் அனுப்பின. இதை வைத்து எவ்வளவு விளையாடலாம்! நம்மாட்கள் என்ன செய்கிறார்கள்? ஒன்று, பிற்பாடு மாக்ஸிமிலியன் காலத்தில் வந்த லான்ட்ஸ்க்னெக்ட்களின் கிழித்துவிட்ட கோடு கோடான சட்டையை இவர்களுக்கும் மாட்டுகிறார்கள். அல்லது மத்திய காலம் என்றாலே சகதி என்று, எல்லார்மேலும் பழுப்பு மையை ஊற்றிவிடுகிறார்கள்.

இரண்டாவதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆக்ஸ்பர்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். நெசவு ஊர். பிற்பாடு பேரரசர்களுக்கே கடன் கொடுத்த ஃபுக்கர் குடும்பம் தறியில் ஆரம்பித்ததுதான். (பி.காம் படித்தவன், இதெல்லாம்தான் ஞாபகம் இருக்கும்.) சிவப்பு, பச்சை, வெள்ளை அந்த ஊரின் நிறங்கள். துணி விற்றுப் பிழைக்கிற ஊர் தன் ஆட்களைச் சாக்கு கட்டியா பேரரசர் முன்னால் அனுப்பும்? முழங்காலுக்குக் கீழே சேறு பூசுங்கள், ஒப்புக்கொள்கிறேன். சட்டையை விட்டுவிடுங்கள்.

கம்பெனிமீதும் ஒரு குறை. 1480 வாக்கில் வரைந்த வொல்ஃபெக் ஓவியச் சுவடியில் அணிவகுப்பைப் பார்த்தால் ஏகப்பட்ட வண்டிகள். பெட்டியில் வண்டிக்காரர் ஒருவர்கூட இல்லை. சோறு எப்படி வரும்?

ஒரு ஆளுக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தாலும் 40 பேருக்கு 80 மணி நேரம். நிதானமாகவே அடிக்கலாம். நொய்ஸ் முற்றுகை கிட்டத்தட்ட 11 மாதம் நடந்தது.